‘சும்மா தோட்ட வேலைதான்’ என்று சொல்லாதீர்கள்



நம் வாயில் அடிக்கடி வந்து விழுகிற ஒரு சின்ன வார்த்தையைப் பற்றி இந்த வாரம் பேசலாம் என்று இருக்கிறேன். மூன்றே எழுத்துதான். ஆனால் அந்த மூன்று எழுத்து நம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டு போன காசுக்குக் கணக்கே இல்லை. அந்த வார்த்தை ‘சும்மா’.

“என்ன வேலை செய்றீங்க அண்ணே?” என்று யாராவது கேட்டால், “என்னா வேலை, சும்மா தோட்டத்து வேலைதான்” என்கிறோம். பக்கத்தில் நிற்கும் அண்ணியைக் கேட்டால், “நான் சும்மா அவரு கூட பழம் பொறுக்கப் போவேன் தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். பெண் பார்க்க வந்த இடத்தில், பட்டணத்துச் சம்பந்தி முன்னால் உட்கார்ந்தால் அந்தக் குரல் இன்னும் தாழ்ந்து போகிறது. பள்ளிக்கூடத்துப் பாரத்தில் ‘தகப்பனார் தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அந்த இடத்தில் நம் பிள்ளைகள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். கடைசியில் ‘கெர்ஜா செண்டிரி’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்பாவுக்குச் சொந்தத் தொழிலாம்! அப்பா விடியற்காலையில் பெரட்டுக்குப் போன மனிதர்.

லாரி ஓட்டுகிறவர் “லாரி ஓட்டுறேன்” என்கிறார். தையற்காரர் “தையல் கடை வச்சிருக்கேன்” என்கிறார். மரம் அறுக்கிறவர், இரும்பு அடிக்கிறவர், தலைமுடி வெட்டுகிறவர், யாருமே தன் தொழிலுக்கு முன்னால் ‘சும்மா’ போடுவதில்லை. நாம் மட்டும்தான் போடுகிறோம். இதை அடக்கம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் வேலையைப் பற்றி மற்றவன் சொன்னதை நாமே திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

சும்மா வெட்டிப் பார்க்கட்டும்

பால்மரம் வெட்டுவது சும்மா வேலையா? உளியைப் பிடித்த கைக்குத் தெரியும். ஆனாலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். நமக்கே மறந்துபோன விஷயம் அது.

மரத்தின் பால் முழுவதும் பட்டைக்குள்ளே இருக்கிறது. அந்தப் பட்டைக்கு உள்பக்கம், மரத்தை ஒட்டி, ஒரு மெல்லிய உயிர்த்தோல் இருக்கிறது. அதுதான் புதுப்பட்டையை வளர்க்கிறது. உளி அதைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில வருடம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் வெட்ட வருகிறவன் நம்மைத் திட்டிக்கொண்டே வெட்டுவான். அதற்குப் பயந்து மேலாகச் சீவினால் பால் வராது. பால் நிறைய ஓடும் இடமோ, அந்த உயிர்த்தோலுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆக, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவிட்டு உளியை நிறுத்த வேண்டும். அளவுகோல் வைத்துப் பார்க்க முடியுமா? கைதான் அளவுகோல்.

கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து இருக்க வேண்டும். ஏன்? பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறாமல் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால் அதிகக் குழாய் அறுபடும். ஒரு முறைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குமேல் சீவினால் பட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும், மரத்தின் ஆயுளும் குறைந்துவிடும். விடியுமுன்னே ஏன் போகிறோம்? வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், மரத்துக்குள் அழுத்தம் குறையும், பால் ஓட்டம் சுருங்கும். பட்டை மழையில் நனைந்திருந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். இதெல்லாம் விஞ்ஞானிகள் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிமார்கள் புத்தகம் இல்லாமலே செய்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நிரையில் 500 மரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரத்துக்கு 20 வினாடி. மொத்தம் 10,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 2 மணி 45 நிமிடம். அதுவும் வெட்டு நேரம் மட்டும். மரத்துக்கு மரம் நடக்கிற நேரம் தனி, மேடு பள்ளம் ஏறி இறங்குகிற நேரம் தனி. அத்தனை மரத்திலும் உளி அந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில். அதன் பிறகு மங்கு மங்காகப் பால் சேர்த்து, வாளி தூக்கி, ஸ்டோரில் எடை போட்டு, ஒட்டுப்பால், கட்டிப்பாலும் பிரித்துக் கொடுத்தால்தான் அன்றைய வேலை முடியும்.

‘ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்’ என்று ஊரில் சொல்வார்கள். பால்மரமும் அப்படித்தான். எந்த மரம் முரடு, எந்த மரம் இளகல், எந்த மரத்துக்குப் பட்டை வறட்சி வரப்போகிறது என்று தன் நிரையை நன்றாக அறிந்த ஒரு அக்கா சொல்லிவிடுவார். பெரிய படிப்புப் படித்தவரைக் கூட்டிவந்து கையில் உளியைக் கொடுத்து, “சும்மா வெட்டுங்க சார்” என்று சொல்லிப் பாருங்களேன்!

செம்பனைக்கு மட்டும் என்ன குறைச்சல்?

“ரப்பர் காலம் போச்சு, இப்ப செம்பனைதானே” என்று நீங்கள் சொல்லலாம். சரி, செம்பனைக்கு வருவோம். இந்த நாட்டில் வியாபாரத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் இருக்கிறது, பாருங்கள்.

தலைக்கு மேலே இருபது முப்பது அடி உயரத்தில் குலை இருக்கிறது. நீளக் கழியின் நுனியில் அரிவாள். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, அது பழுத்ததா காயா என்று முடிவு செய்ய வேண்டும். தரையில் உதிர்ந்து கிடக்கும் பழம்தான் நமக்குச் சாட்சி. காயை வெட்டினால் எண்ணெய் குறைவு, நமக்கு அபராதம். கனிய விட்டால் பழமெல்லாம் உதிரும், புளிப்பு ஏறும், எண்ணெயின் தரம் கெடும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். முதலில் மட்டையை இறக்கி, பிறகு குலையைச் சரியான இடத்தில் அறுத்து, அது விழும் திசையை முன்கூட்டியே தெரிந்து விலகி நிற்க வேண்டும். ஒரு குலை 20 கிலோ என்றால், 100 குலை வெட்டினால் 2 டன். அந்த 2 டன்னையும் நம் கைதான் இறக்கி, நம் முதுகுதான் வண்டிக்குக் கொண்டு சேர்க்கிறது. மேலே மின்கம்பி போகிற இடத்தில் அலுமினியக் கழியோடு நிற்பது எமனோடு நிற்பது மாதிரி. கழி பட்டால் உயிர் போகும். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வெட்டுகிறவனுக்குப் பெயர் என்ன? ஆபீஸ் காகிதத்தில் ‘திறன் குறைந்த தொழிலாளி’!

இந்தப் பட்டத்தை யார் கொடுத்தது?

இந்தப் பட்டம் நேற்று வந்ததல்ல. இந்தியாவிலிருந்து கடல்கடந்து வேலைக்குப் போகிறவர்களுக்காக 1922-இல் வெள்ளைக்கார அரசாங்கம் அங்கே ஒரு சட்டம் போட்டது. அதில் ‘திறனற்ற வேலை’ என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். விவசாயத்தில் ஈடுபடுவதும் அதில் அடங்கும் என்று எழுதினார்கள். நம் தாத்தா, பாட்டன் கப்பலில் கால் வைக்கும் முன்பே, உளியைக் கையில் தொடும் முன்பே, ‘உனக்குத் திறன் கிடையாது’ என்று சட்டத்தில் முத்திரை குத்தியாகிவிட்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோதும், அந்தத் ‘திறனற்ற’ என்ற பெயரைச் சொல்லித்தான் நிறுத்தியது.

உழவுக்கென்று தனியாக ஒரு அதிகாரமே ஒதுக்கிப் பத்துக் குறள் பாடிய வள்ளுவரின் மொழி பேசுகிறவர்கள் நாம். வயலில் ஏர் பிடித்தபோது யாரும் நம்மைத் திறனற்றவன் என்று சொன்னதில்லை. கப்பல் ஏறியதும் அந்தப் பட்டம் வந்தது. ஏன் வந்தது? காரணம் எளிது. திறன் உள்ளவன் என்று ஒப்புக்கொண்டால் திறனுக்கு ஏற்ற கூலி கொடுக்க வேண்டும். திறன் இல்லாதவன் என்று எழுதிவிட்டால் காசு மிச்சம்.

ரப்பர் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1888-இல் சிங்கப்பூர் பூமலைக்குப் பொறுப்பேற்ற ரிட்லி துரை, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வழியைக் கண்டு சொன்னவர். அவருடைய பெருமை அவருக்கு இருக்கட்டும். 1877-இல் கோலகங்சாரில் நட்ட மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. மரத்துக்கும் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்த முறையைக் கையில் வாங்கி, கோடிக்கணக்கான மரத்தில், வருடக்கணக்காக, நாள் தவறாமல் செய்து காட்டியவர்களுக்கு எங்கே பலகை? நம் சனங்களின் பெயர் செக்ரோலில் மட்டும்தான் இருந்தது. அந்தச் செக்ரோலும் கரையானுக்குப் போய்விட்டது.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம்

ஆனால் நம் முன்னோர் எல்லாரும் தலைகுனிந்து போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர்.எச்.நாதன், பத்திரிகைத் தொழிலில் இருந்தவர். அந்தத் தொழிலாளர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் அதே கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். இன்னொன்றும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள்!

யோசித்துப் பாருங்கள். வயிற்றுக்குப் போதாத காலம். அப்போதும் கூலியோடு சேர்த்து மரியாதையையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்தார்கள். மரியாதை இல்லாத இடத்தில் கூலியும் நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசாங்கம் பட்டாளத்தைக் கொண்டு வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மடிந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். அப்படி இரத்தம் சிந்திச் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்று யாரும் இறங்கச் சொல்லவில்லை. ‘சும்மா’ என்று சொல்லி நாமாகவே இறங்கி நிற்கிறோம்.

சும்மாவின் விலை

“ஒரு வார்த்தைதானே, அதிலே என்ன நஷ்டம்?” என்று கேட்கிறீர்களா? மூன்று இடத்தில் நஷ்டம் சொல்கிறேன்.

முதலாவது, நம் பெண்கள். புருஷன் குலை வெட்டுவான், மனைவி பின்னாலேயே போய் உதிரிப்பழம் பொறுக்குவாள், மட்டை அடுக்குவாள். எடை முழுவதும் புருஷன் பெயரில் ஏறும். சில இடங்களில் அவள் பெயர் செக்ரோலிலேயே கிடையாது. கேட்டால், “சும்மா ஒத்தாசைக்குப் போறேன்” என்பாள். அந்த ஒத்தாசைக்கு ஈபிஎஃப் பணம் இல்லை. பாம்பு கடித்தால் பெர்கேசோ இல்லை. 2023 ஜனவரி முதல் சட்டம் 98 நாள் பிரசவ விடுப்பு தருகிறது. பெயரே இல்லாதவளுக்கு எந்த விடுப்பு? இருபது வருடம் முதுகு வளைந்தவள், வயதான காலத்தில் கையை விரித்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்கிறாள். ஒத்தாசை என்று சொன்ன வேலைக்கு ஒத்தாசைதான் கூலி.

இரண்டாவது, நம் உடம்பு. மருந்தடிக்கிற வேலையில் பெரும்பாலும் பெண்களைத்தான் போட்டார்கள். பாராகுவாட் அடித்தவர்களுக்கு நகம் கறுத்து விழுந்தது, மூக்கில் இரத்தம் வந்தது. அது விஷம் என்று தங்கள் உடம்பிலேயே உணர்ந்தவர்கள் யார்? முதுகில் பம்பு சுமந்த நம் அக்காமார்கள்தான். அவர்கள் சொன்னதை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? ‘மருந்தடிக்கிற பொம்பளைக்கு என்ன தெரியும்’ என்றார்கள். 2002-இல் அரசாங்கம் அந்த மருந்தை நிறுத்த முடிவெடுத்தது, 2006-இல் அந்த முடிவு தளர்ந்தது, 2020 ஜனவரி 1-இல்தான் முழுத்தடை வந்தது. நடுவிலே எத்தனை வருடம்! தன் வேலையைத் தெரிந்தவளின் சொல்லுக்கு மதிப்பு இருந்திருந்தால், எத்தனை உடம்பு தப்பித்திருக்கும்?

மூன்றாவது, தோட்டம் விற்கப்படும் நாள். இது பலருக்கு நடந்துவிட்டது. நிலம் வீடமைப்புக்குப் போகிறது, லயத்தைக் காலி செய்யச் சொல்கிறார்கள். ஐம்பது வயது மனிதர் வேலை தேடிப் பட்டணத்துக்குப் போகிறார். “என்ன தெரியும்?” என்று கேட்கிறார்கள். “ஒண்ணும் தெரியாதுங்க, சும்மா தோட்டத்துலதான் இருந்தேன்” என்கிறார். உடனே ஒரு தொப்பியைக் கொடுத்து வாசலில் காவலுக்கு உட்கார வைக்கிறார்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு. காவல் வேலையை நான் குறை சொல்லவில்லை. அதுவும் பொறுப்பான வேலைதான். ஆனால் முப்பது வருடம் மரத்தையும் மண்ணையும் மழையையும் படித்த மனிதர், ‘ஒண்ணும் தெரியாது’ என்று தன் வாயாலேயே அந்த முப்பது வருடத்தையும் துடைத்துப் போட்டுவிட்டாரே, அதுதான் என் வருத்தம்.

புகழ்ந்தால் வயிறு நிறையுமா?

“அதெல்லாம் சரி தம்பி, வேலையைப் புகழ்ந்தா அரிசி வருமா?” ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்வி.

மே தினத்தன்று மேடை போட்டு, ‘நாட்டின் முதுகெலும்பே’ என்று மாலை போடுகிறவர்கள் உண்டு. மாலையைப் போட்டுவிட்டுச் சம்பளப் பேச்சு வந்தால் வேறு பக்கம் பார்ப்பார்கள். அந்தப் புகழ்ச்சி நமக்கு வேண்டாம். முதுகெலும்புக்கு முதலில் கஞ்சி ஊற்றுங்கள் ஐயா! நான் சொல்லும் பெருமை வேறு. தன் வேலை இன்னது, அதற்கு இன்ன விலை என்று தெரிந்தவன் தைரியமாகக் கேட்கும் பெருமை. சந்தையில் மீன் விற்கிற அம்மா, “சும்மா மீனுதான், நீங்க பார்த்துக் கொடுங்க” என்றா சொல்கிறாள்? “இன்னைக்கு வந்த மீனு, இன்ன விலை” என்கிறாள். பிறகுதான் பேரம்.

நம் சம்பளக் கதையைப் பாருங்கள். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை என்று தலைமுறை தலைமுறையாக நாள்கூலியில் கிடந்தோம். மாதச் சம்பளம் வேண்டும் என்று சங்கம் வருடக்கணக்கில் போராடியது. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013-இல், தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2016-இல் 1,000. 2022-இல் 1,500. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கவனியுங்கள். அது எந்த வேலைக்கும் கொடுக்க வேண்டிய அடித்தளம். நேற்றுச் சேர்ந்தவனுக்கும் அதே, முப்பது வருடம் வெட்டியவனுக்கும் அதே என்றால், அந்த முப்பது வருடத்துக்கு என்ன விலை போட்டார்கள்? பூஜ்யம்! அடித்தளத்துக்கு மேலே சுவர் எழுப்ப வேண்டும். அனுபவத்துக்கு ஒரு படி, நுணுக்கமான வேலைக்கு ஒரு படி, ஆபத்தான வேலைக்கு ஒரு படி. அதைக் கேட்பதற்கு முதலில் ‘என் வேலை திறமையான வேலை’ என்று நம் வாய் சொல்ல வேண்டும். நாம் நம்பாததை முதலாளி நம்பப் போவதில்லை.

தோட்டம் தோட்டமாகப் போகும்போது நான் சிலரிடம் இரண்டு கேள்வி கேட்பதுண்டு. வேலையில் எது பிடிக்கவில்லை? எது பிடிக்கிறது? பிடிக்காததைக் கேட்டால் அருவி மாதிரி கொட்டுகிறார்கள். எடையில் குறைப்பது, வயதுக்கு மரியாதை இல்லாமல் ‘வா, போ’ என்று பேசுவது, வீட்டுக் கூரை ஒழுகுவது, தண்ணீர் வராதது. பிடித்ததைக் கேட்டால் முதலில் வெட்கப்படுகிறார்கள். அப்புறம் மெதுவாகச் சொல்கிறார்கள். “காலையில காட்டுல இருக்கிற குளிர்ச்சி பிடிக்கும்.” “என் நிரையை நானே முடிச்சிட்டு வர்றது பிடிக்கும்.” “நான் வெட்டுன கோடு நேரா இருந்தா, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டு நிப்பேன்.” பாருங்கள், மரத்தின் மேல் யாருக்கும் கோபம் இல்லை. நம்மை நடத்துகிற விதத்தில்தான் கோபம். அந்த நடத்தையால் வந்த வெட்கத்தை நாம் வேலையின் தலையில் சுமத்திவிட்டோம்.

பிள்ளைகள் போகட்டும், ஆனால்...

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைத் தோட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தோட்டப் பள்ளியில் படித்தவன்தான் நானும். பிள்ளைகள் டாக்டராகட்டும், வக்கீலாகட்டும், வெல்டிங் படிக்கட்டும், விமானம் ஓட்டட்டும். எந்தத் தாய் தகப்பனுக்கு அந்த ஆசை இருக்காது? ஆனால் “படிக்கலைன்னா நீயும் என்னை மாதிரி மரம்தான் வெட்டணும்” என்று பயம் காட்டிப் படிக்க வைக்கிறோமே, அங்கேதான் தப்பு நடக்கிறது. பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? அப்பா வேலை ஒரு தண்டனை, அப்பா ஒரு தண்டனைக் கைதி. படித்து மேலே வந்த பிறகும், தன் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசுகிறது. “அப்பா இந்த வேலையிலே கெட்டிக்காரன். நீ உன் வேலையிலே கெட்டிக்காரனா இரு” என்று சொல்லிப் படிக்க வையுங்கள். அந்தப் பிள்ளையும் படிக்கும், அப்பாவையும் மறக்காது.

இன்று நம் நிரையில் யார் நிற்கிறார்கள்? இந்தோனேசியாக்காரர், வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி. அவர்களைப் பார்த்து நம்மில் சிலரே ஏளனமாகப் பேசுவதைக் கேட்கிறேன். நம் தாத்தாவைக் கங்காணி கூட்டி வந்தபோது ஊரார் பேசிய அதே பேச்சு! அந்த வேலையை மட்டம் என்று சொன்னால், அதைச் செய்த நம் குடும்பத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அந்த ஆளுக்குக் கூலி குறைத்தால், பக்கத்து நிரையில் நிற்கும் நம் கூலியும் ஏறாது. கோவிட் காலத்தில் எல்லைகள் மூடிக் கிடந்து, ஆட்கள் வர முடியாமல் போனபோது நடந்ததை மறந்துவிட்டீர்களா? 2022-இல் 1,20,000 ஆள் பற்றாக்குறை என்று செம்பனை முதலாளிமார் சங்கமே சொன்னது. வெட்ட ஆளில்லாமல் குலைகள் மரத்திலேயே அழுகின. திறமை தேவையில்லாத வேலை என்றால், பட்டணத்திலிருந்து யாரையாவது பிடித்து வந்து வெட்டியிருக்கலாமே? ஏன் முடியவில்லை? சும்மா வேலையாக இருந்தால்தானே சும்மா இருக்கிறவன் செய்ய முடியும்!

செய்ய வேண்டியது மூன்று

பேச்சோடு நிறுத்தக்கூடாது. உங்களால் ஆகக்கூடிய மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் வேலைக்குப் பெயர் சொல்லுங்கள். ‘பால்வெட்டுத் தொழிலாளி’, ‘செம்பனைக் குலை அறுவடையாளர்’, ‘நாற்றுமேடைத் தொழிலாளி’. எத்தனை வருட அனுபவம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாரத்தில் அதையே எழுதச் சொல்லிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இரண்டு, வேலைக்குப் போகிற ஒவ்வொருவர் பெயரும் செக்ரோலில் இருக்க வேண்டும். மனைவி பொறுக்கினால் மனைவி பெயர், அவள் எடை, அவள் சம்பளச் சீட்டு, அவள் ஈபிஎஃப், அவள் பெர்கேசோ. இல்லையென்றால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள். சங்கத்துக்கு எழுதுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கவும் உரிமை இருக்கிறது. சம்பளச் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள், ஒரு பிஸ்கெட் டின்னில் போட்டு வையுங்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

மூன்று, உங்கள் அனுபவத்துக்குச் சான்றிதழ் கேளுங்கள். திறன் மேம்பாட்டுத் துறை என்று ஒன்று இருக்கிறது, ஜேபிகே என்பார்கள். வகுப்பில் உட்கார்ந்து படிக்காதவர்களும், வேலை செய்த அனுபவத்தைக் காட்டி, எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க அங்கே வழி இருக்கிறது. பிபிடி என்பது அதன் பெயர். வேலை செய்யும் படம், மேலதிகாரியின் கடிதம், சம்பளச் சீட்டு இவற்றையெல்லாம் சேர்த்துக் காட்ட வேண்டும். உங்கள் வேலைக்கு எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்று விசாரியுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்களே, அப்பா அம்மாவுக்காக அந்தப் பாரத்தை நிரப்பட்டும். 1922-இல் குத்திய ‘திறனற்ற’ முத்திரை மேல் நாம் ஒரு புது முத்திரை குத்துவோம்.

தோழர்களே, சங்கம் சம்பளம் பேசலாம், சட்டம் பேசலாம். உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தையை எடுத்துப் போடச் சங்கத்தால் முடியாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும். நாளை யாராவது “என்ன வேலை?” என்று கேட்டால் கொஞ்சம் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்: “பால்மரம் வெட்டுறேன். இருபத்தஞ்சு வருஷமா வெட்டுறேன். நல்லா வெட்டுவேன்.”

அப்புறம் சம்பளத்தைப் பேசுவோம்.